பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

வெள்ளிக்கிழமை, மாலை

மரியாதைக்குரிய என் அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. மாடியில் நானும் என் மனைவியும் சுகம். கீழ்வீட்டில் நம் சின்னவனும் அவன் மனைவியும் சுகம் என்பதை மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக நேரில் பார்த்து எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, தையல் பிரித்தார்களா, மடக்க முடிகிறதா என்று விவரமாகச் சொல்லவும். "தொற்று வந்துடும், ஒருத்தரும் பார்க்க வரக் கூடாது" என்று நீ கறாராகச் சொன்னதால்தான் நாங்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, மற்றபடி பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "கீழ்வீட்டுக்காரன்" என்று வாயைத் திறந்த உடனே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்று உன் குணம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஒரு வாரத்தில் ஒரு மனிதனுக்கு எத்தனை அதிர்ச்சி தாங்கும்? எனக்கு வைத்திருந்த பங்கு வியாழக்கிழமை மத்தியானத்தோடு தீர்ந்துபோய், அதற்கு மேல் வந்ததெல்லாம் கூடுதல். ஆபரேஷன் முடிந்ததும் இனி எங்களோடுதான் இருப்பேன், ஆனால் தம்பிகள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் வருவேன், தனித்தனியாக வந்து நின்றால் முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. மடங்காத காலோடு சின்னக் காரில் நீ ஏற முடியாது. தள்ளித் திறக்கிற கதவும் தாழ்வான படியும் நம் பழைய மினிவேனில்தான் இருக்கின்றன. அந்த வேனின் தகுதிச் சான்றோ இந்த வாரத்தோடு முடிகிறது. ஆக, நீ எங்கள் வீட்டுக்கு வருவதா, முதியோர் இல்லத்துக்குப் போவதா என்பது வண்டியின் பின் விளக்கில் வந்து நின்றது.

சண்டையின் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தை ஒரு முறையாவது நீ முழுசாகக் கேட்க வேண்டும். பெரியப்பா மகனின் பணி ஓய்வு விழாவுக்குப் போகிறோம். சின்னவன் ஓட்டுகிறான், நான் பக்கத்தில். ஒரு முச்சந்தி வருகிறது. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ஊர் ஊராக அளந்தவன் நான், இடது பக்கம் திரும்புடா என்கிறேன். அவன் மடியில் கிடந்த போன் வலது என்கிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? எனக்கு மரியாதையாக இடது சிக்னலைப் போட்டுவிட்டு, போனுக்கு மரியாதையாக வலது பக்கம் திருப்பினான். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "வண்டி ஓட்டுறீங்களா, இல்ல வெளையாட்டுக் காட்டுறீங்களா?" என்று கேட்டார். அறுபது வயதில் என்னை ஒருவர் நடுரோட்டில் வைத்து அப்படிக் கேட்கும்படி ஆனது யாரால்? நான் சொன்ன இடது பக்கம் கல்குவாரிக்குள் போய் முடிகிற பாதை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அது இப்போது முக்கியமில்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. வண்டியை விற்கவும் முடியாது, விற்கலாமா என்று ஒருவன் மற்றவனைக் கேட்க வேண்டுமே. அதனால் நான்தான் அளந்து பிரித்துக் கொடுத்தேன். முன் நம்பர் பிளேட்டின் நடுவிலிருந்து பின் நம்பர் பிளேட்டின் நடுவரை நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவனுக்கு. டயர், கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அவரவர் பக்கம் அவரவர் பொறுப்பு. இன்ஜின், ஸ்டீயரிங், ஹார்ன் மூன்றும் பொது. ஒற்றைப்படைத் தேதியில் வண்டி என்னிடம், இரட்டைப்படையில் அவனிடம். முப்பத்தொன்றுக்கு அடுத்து ஒன்று வந்து எனக்கு இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கிறது என்று கீழேயிருந்து மனைவிமார் மூலமாக ஆட்சேபணை வந்ததால், முப்பத்தொன்றாம் தேதி வண்டிக்கு ஓய்வு. மூன்று வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வாரத்துக்கு ஒரு தரமாவது என் மனைவியிடம், "பாத்தியா, என் பக்கத்துல இது வரைக்கும் ஒரு பல்பு போனதில்ல. பொருளைப் பக்குவமா வச்சுக்கத் தெரியணும்" என்று சொல்வேன். அவளும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

இப்படி இருக்கையில் செவ்வாய்க்கிழமை, ஏழாம் தேதி, என் நாள், வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி ஒரு இளம் பெண், கையில் அட்டையும் காகிதமும். சக்கரம், கண்ணாடி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பிரேக் மிதிங்க சார்" என்றாள். மிதித்தேன். "மிதிங்க சார்" என்றாள் மறுபடி. "மிதிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்." அவள் முன்னால் வந்து, "வலது பக்கம் பிரேக் லைட் எரியல. இடது பக்கம் பின் சிக்னல் எரியல, அதனாலதான் உள்ள அம்பு இவ்வளவு வேகமா துடிக்குது" என்றாள். "அம்மா, இடது பக்கம் என்னுடையது இல்லை" என்றேன். அவள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப யாரோடது?" "என் தம்பியோடது." "வலது பக்கம்?" "என்னோடது." "அப்ப உங்களோடதும்தான் சார் எரியல" என்றாள். அக்கா, என் காது அடைத்துப்போயிற்று. என் பக்கமா! நான் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன், விளக்கைப் பார்க்கப் போனால் மிதிக்க ஆள் இல்லை, மிதிக்கப் போனால் பார்க்க ஆள் இல்லை. இப்படி நாலு தரம் ஓடியதை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் காகிதத்தில் எதையோ எழுதிக் கையில் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டையும் மாத்திட்டு வாங்க. வரும்போது யாரையாவது கூட்டிட்டு வாங்க சார், ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் பின்னாடி நின்னு பார்க்கணும். தனியா செய்யற வேலை இல்ல இது" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தக் காகிதத்தை என் மனைவி கீழே கொண்டுபோனாள். புதன்கிழமை அவன் நாள். அவன் மருந்துக்கடையில் விற்கிற ரப்பர் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் செய்யப் போகிறவன் கணக்காக வந்து, இடது பக்கச் சிக்னல் பல்பைக் கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டுப் போனான். நான் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தற்செயலாகப் பார்த்தேன். கால் மணி நேரமும் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை என் நாள். எதையும் அளக்காமல் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. செத்துப்போன பல்பைக் கழற்றி, உயரம், விட்டம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர், "பழசைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். "அளவு கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த அளவில் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பின் கதவைத் தூக்கி, விளக்குக் கூட்டின் இரண்டு திருகாணியையும் கழற்றி இழுத்தால், உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் என் சட்டைக் கைக்குள் இறங்கியது. அதிர்ச்சியில் நிமிர்ந்தேன், பின் கதவு தலையில் இடித்தது. அதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. புதுப் பல்பை ஹோல்டரில் செருகினால் உட்காரமாட்டேன் என்கிறது. பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, அந்த ஹோல்டருக்கு வர்ற பல்புல ரெண்டு முளையும் ஒரே மட்டத்துல இருக்காது. ஒண்ணு மேல இருக்கும், ஒண்ணு கீழ இருக்கும். உள்ள கம்பியும் ரெண்டு இருக்கும். இது வேற பல்புங்க" என்றாள். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தேன். டிவியில் பார்த்திருப்பாள் என்று நினைத்து, "அளந்து வாங்கினதும்மா இது" என்று சொல்லி, அமுக்கி ஒரு திருப்புத் திருப்பினேன். ஒரு சத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டது.

இனிச் சோதித்துப் பார்க்க வேண்டும். "நான் வந்து மிதிக்கட்டுமா?" என்றாள். இது தொழில்நுட்ப விஷயம், நீ துணியைப் பார் என்று சொல்லிவிட்டு, பரண் மேல் கிடந்த என் சிவப்பு வெள்ளை அளவுக் கம்பை எடுத்து வந்து, ஒரு முனையைப் பிரேக்கில் ஊன்றி, மறுமுனையை சீட்டில் முட்டுக்கொடுத்து இறுக்கினேன். பின்னால் ஓடினேன். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் கம்பு நழுவி ஹார்னில் போய் உட்கார்ந்துகொண்டது. தெருவே கூடிவிட்டது. இரண்டாம் தரம் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அக்கா, பிரேக் லைட் எரிந்தது. ஆனால் அது மட்டும் எரியவில்லை. நான் சுவிட்சையே தொடாமல் பின் விளக்குகள் எல்லாம் எரிந்தன, நம்பர் பிளேட் விளக்கு எரிந்தது, உள்ளே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற முள்ளும் எண்களும் ஜெகஜோதியாக எரிந்தன. கம்பை எடுத்தேன், எல்லாம் அணைந்தது. சரி என்று விளக்குச் சுவிட்சைப் போட்டேன், பிரேக்கைத் தொடாமலே பிரேக் லைட் எரிந்தது, அதுவும் இரண்டு பக்கமும்! அவன் பக்கமும் சேர்ந்து! எனக்கு வேர்த்துவிட்டது. நடுவில் நான் போட்ட கோட்டை அந்தக் கரண்ட் சட்டையே செய்யவில்லை.

இது கீழ்வீட்டான் புதன்கிழமை போட்ட பல்பின் வேலைதான் என்று முடிவுகட்டி, "உங்கள் பல்ப் எல்லை தாண்டி என் பக்கத்தில் நுழைகிறது, உடனே கவனிக்கவும்" என்று சீட்டு எழுதி அனுப்பினேன். பதிலுக்குத் தம்பி மனைவி ஜன்னலைத் திறந்து, "மாமா, எங்க பக்கம் சிக்னல் பல்பு. அது தனி லைன். நீங்க ஒத்தக் கம்பி பல்பை ரெட்டைக் கம்பி ஹோல்டர்ல சொருகியிருக்கீங்க, அதான் ரெண்டு லைனும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிடுச்சு" என்றாள். இவளும் டிவி பார்க்கிறாள் போலிருக்கிறது! நான் விடவில்லை. என் பக்கம் குற்றமே இல்லை என்று நிரூபிக்கிற வேகத்தில் விளக்குக் கூட்டை மறுபடி கழற்றி, பிரேக் பல்புக்குப் பக்கத்தில் இருக்கிற என் சிக்னல் பல்பையும் ஹோல்டரோடு திருகி வெளியே இழுத்தேன். கூட்டுக்கு உள்பக்கம் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சின்னவனின் மருந்துக்கடை லேபிள். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, சாப்பிட்ட பின் என்று அச்சடித்த அதே லேபிள். அதன் மேல் பேனாவால் மூன்று தேதிகள். மூன்று வருஷத்தில் மூன்று தரம் என் பக்கத்து பல்ப் செத்திருக்கிறது. மூன்று தரமும் யாரோ சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள்.

அக்கா, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய காலண்டர்களையும் எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தேதியும் ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு. நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரம். அந்த ஒரு நாள் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, பேசாத அண்ணன் இருட்டில் போகும்போது பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாது என்று அவன் வந்து மாற்றியிருக்கிறான். நானோ, என் பக்கத்தில் பல்ப் போனதே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நேராகப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன்தான் திறந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது அக்கா, மாடியிலிருந்து பார்த்தால் அது தெரியவில்லை. என்னென்னவோ பேச நினைத்துப் போனேன், வாயில் வந்தது, "ஏண்டா, சும்மாத்தான இருக்க? வந்து பிரேக்க மிதி" என்பதுதான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "எந்தப் பல்பண்ணே போட்ட?" என்றான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த "அண்ணே".

அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பல்பின் அடியில் இருந்த எழுத்தைப் படித்து, "அண்ணே, இது மாத்திரை மாத்திக் குடுத்த கேஸு" என்று சொல்லி, ஸ்கூட்டரில் போய்ச் சரியான இரட்டைக் கம்பி பல்பை வாங்கி வந்தான். முளை ஒன்று மேலே, ஒன்று கீழே. என் மனைவி சொன்னது போலவே இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் உள்ளே உட்கார்ந்தான், நான் பின்னால் நின்றேன். "மிதிச்சிட்டியா?" "மிதிச்சிட்டேன். எரியுதா?" "எரியுது. விடு." "விட்டுட்டேன்." "அணைஞ்சிடுச்சு. இப்ப வலது சிக்னல் போடு." "போட்டுட்டேன்." "எரியுது. இடது போடு." அவன் கொஞ்சம் தயங்கி, "நீ எந்தப் பக்கம் சொல்றியோ அந்தப் பக்கமே போடறேண்ணே" என்றான். எல்லாம் எரிந்த பிறகும் இன்னொரு தரம் மிதிடா என்று மிதிக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த லேபிளைக் காட்டி, "இது நீதானேடா?" என்று கேட்டேன். அவன் லேபிளைப் பார்த்தான், ஜன்னலில் நின்ற தன் மனைவியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லிக் காட்ட வேண்டாம்னு இருந்தேண்ணே" என்றான். ஒரு தரம் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு மாற்றினானாம். அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? நானும் அவன் பக்கத்து பல்பை இரண்டு தரம் யாருக்கும் தெரியாமல் மாற்றியிருப்பதை, சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டபடியால், அடக்கமாகச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலில் நம் வீட்டுப் பெண்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஆனந்தக் கண்ணீர்.

இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்தே சோதனைக்குப் போனோம். அந்தப் பெண் அதிகாரி, "இவர்தான் இடது பக்கமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தாள். சாக்பீஸ் கோட்டையும் நானே ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். ஆகவே வருகிற செவ்வாய்க்கிழமை, பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு உன் இரண்டு தம்பிகளும் ஒரே வண்டியில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம். முதியோர் இல்லத்துக்கு இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் வாழ்த்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் எப்போதும் போல இருக்கட்டும், நீ நல்லபடியாக எழுந்து நடமாட வேண்டும் என்று மாடியும் கீழும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எப்போதும் உன் சொல்லைத் தட்டாத
பெரிய தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி என் மனைவியின் தையல் பெட்டியைத் திறந்தேன். அதில் நூல்கண்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒற்றைக் கம்பி பல்ப் இரண்டு, இரட்டைக் கம்பி பல்ப் இரண்டு, மருந்துக்கடை லேபிள் ஒரு சுருள். கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடப் பதறாமல், "அது எங்க டூல்ஸுங்க" என்கிறாள். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மேலேயும் கீழேயும் தூங்குகிற நேரத்தில், இவள் மிதிக்க, தம்பி மனைவி பார்க்க, இரண்டு பக்கப் பல்பையும் இவர்களேதான் மாற்றியிருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சு மாத்தறதுக்குள்ள வண்டியில நாங்க உயிரோட இருக்க வேண்டாமா?" என்று கேட்கிறாள். அப்படியானால் சின்னவன் கொட்டுகிற மழையில் பிடித்த குடை எது, அக்கா? கீழே போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்று இரண்டு படி இறங்கினேன். அப்போதுதான் நான் இரண்டு தரம் மாற்றிய பல்ப் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி ஏறிவிட்டேன். அவன் புளுகை நான் சொன்னால் என் புளுகை அவன் சொல்வான். இனி நாங்கள் ஆயுசுக்கும் சண்டை போட முடியாது.

ஆனால் நான் கேட்க வந்தது அது இல்லை. "இத்தனை நாள் மாத்தினவங்க, இந்த வாரம் சோதனைக்கு முன்னாடி ஏன் மாத்தல?" என்று கேட்டேன். "அண்ணிதான், அதான் உங்க அக்கா, இந்தத் தரம் தொடாதீங்கன்னு போன்ல சொன்னாங்க" என்கிறாள். "லேபிள் எதுக்கு?" என்றேன். "அதுவும் அண்ணி சொன்னதுதான். என்னிக்காவது ஒரு நாள் ரெண்டுல ஒருத்தன் கழட்டிப் பார்ப்பான், அன்னிக்கு அவன் கண்ணுல படட்டும்னாங்க" என்கிறாள். செவ்வாய்க்கிழமை கட்டாயம் வருகிறோம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அக்கா, யாரும் பார்க்க வரக் கூடாது என்று சொன்னாயே, அந்த முழங்கால் ஆபரேஷனாவது நிஜம்தானே?